எண்ணெய் சொட்டும் உயர்வு நவிற்சி



உயர்வு நவிற்சி பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். கம்பனில் தொடங்குவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். பர்மிங்காமில் தொடங்குகிறேன், பொறுத்தருள்க.

பி.எஸ்.ஏ., நார்ட்டன், டிரையம்ஃப் போன்ற பழைய ஆங்கிலேய மோட்டார் சைக்கிள்களை வைத்திருப்போர் கதை சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டார்கள். அவற்றுள் தலையாயது எண்ணெய்க் கதை. வண்டியின் அடியில் எண்ணெய் சொட்டியிருந்தால் கவலையில்லை, சொட்டாவிட்டால்தான் கவலை. உள்ளே எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று பொருள்! மற்றொருவர் இதற்கும் மேலே போவார். தம் வண்டி வழிநெடுகக் கோடு கிழித்து வருவதால், மூடுபனியிலும் வீடு திரும்ப வழி தவறியதில்லை என்பார்.

கதையின் வேர் மெய்யானது. அவ்வண்டிகள் பலவற்றில் எஞ்சினின் அடிக்கூடு நெடுவாக்கில் இரு பாதிகளாக வார்க்கப்பட்டுப் பொருத்தப்பட்டது. பொருத்துவாய் அடிவரை ஓடியது. அதிர்வில் எண்ணெய் கசிந்தது. பின்வந்த ஜப்பானியர் கூட்டைக் கிடைவாக்கில் பிரித்தனர். பொருத்துவாய் எண்ணெய் மட்டத்துக்கு மேலே ஏறியது. கசிவு நின்றது, கதையும் நின்றது.

மின்கருவிகள் செய்த லூகாஸுக்கு அவர்கள் சூட்டிய பட்டம் 'இருளின் இளவரசர்'. அவருடைய விளக்குச் சுவிட்சுக்கு மூன்று நிலைகளாம்: அணைவு, மங்கல், மினுக்கல்.

இனி ஒன்று சொல்கிறேன்; இதையும் கதை என்பீர்கள். 1948-இல், அமெரிக்காவின் பொன்னவில் உப்புவெளியில், ரோலி ஃப்ரீ என்பவர் வின்சென்ட் வண்டியில் நீச்சலுடை அணிந்து, இருக்கையில் குப்புறப் படுத்து, மணிக்கு 150 மைலுக்கு மேல் ஓட்டினார். முந்தைய ஓட்டத்தில் தோலாடை காற்றில் கிழிந்துபோயிற்று. அதனால் கழற்றி எறிந்துவிட்டார். புகைப்படமே இருக்கிறது.

மனத்துக்கு உவந்த பொருளின் வனப்பை உவந்து உரைப்பதும், உலக வரம்பைக் கடவாததும், ஆன்றோர் வியப்பதும் அதிசய அணி என்கிறது தண்டியலங்காரம். இலக்கணத்தை அறியாத அந்த மெக்கானிக்குகள் அதைப் பிறழாது காக்கிறார்கள். அவர்கள் பெருக்கிச் சொல்வது வண்டியின் குறையை. கேட்பவர் கால்சட்டையிலும் அதே கறை. வண்டியை விற்றுவிடலாமே என்று கேட்டுப் பாருங்கள், அடிக்க வருவார்கள்.

நம் வாழ்த்துக் கவிதைகளை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. மாலை பெறுபவர் முன் ஞாயிறு கைகட்டி நிற்கிறது, கடல் வற்றுகிறது. நானும் எழுதியிருக்கிறேன், மறைப்பானேன்? அவற்றில் ஒரு துளி எண்ணெய்கூட இல்லை. எழுதியவருக்கு அப்பொருளோடு பழக்கமில்லை. அதனால் அதன் குறையும் தெரியாது.

நம் ஊர்ச் செய்தி ஒன்று சொல்லி அமர்கிறேன். 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டது. திருவொற்றியூரில் புல்லட் உருவாயிற்று. இங்கிலாந்தில் தாய் நிறுவனம் மறைந்தபின், 1977-இல் நம் புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே கப்பலேறின. இதை அக்காலத்து ஆங்கிலேயர் ஒருவரிடம் முன்கூட்டிச் சொல்லியிருந்தால், தம் எண்ணெய்க் கோட்டுக் கதையைவிடப் பெரிய புளுகு என்று கைதட்டியிருப்பார்.