பழைய காருக்கு இளமை அதிகமா?



புதியதைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்குபவரை உலகம் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும். ஆனால் அலாவுதீன் கதையை நினைத்துப் பார்க்கலாம். பழைய விளக்குக்குப் புதிய விளக்கு தருகிறேன் என்று தெருவில் கூவி வந்தவனைப் பார்த்து ஊரே சிரித்தது. அந்த விளக்கின் குணம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களிடையே இதே பண்டமாற்று நடக்கிறது. போர்ஷே நிறுவனத்தின் 911 காரை எடுத்துக்கொள்வோம். காற்றினால் குளிரும் இயந்திரம் பொருத்திய கடைசி 911 கார்கள் 1998ஆம் ஆண்டோடு நின்றுபோயின. அதற்குப் பின் வந்தவை நீரினால் குளிரும் இயந்திரத்தோடு வந்தன. பின்னதுதான் புதியது. இருந்தும் சந்தையில் இன்று முன்னதற்குத்தான் விலை கூடுதல். ஆகவே, புதிய காரைக் கொடுத்துப் பழைய காரை வாங்க நினைப்பவரை விவரம் அறியாதவர் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் எதைக் கொடுக்கிறார், எதைப் பெறுகிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

போர்ஷே எல்லார்க்கும் எட்டும் கனியன்று. எடுத்துக்காட்டுக்கு ஈசூனில் வசிக்கும் ஒரு குடும்பம். கணவர் தொழில்நுட்ப அதிகாரி, மனைவி தாதி, மகள் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி. வீட்டில் இருப்பது ஒரே கார், 2018ல் பதிவான டொயோட்டா 86. ஒரு நாள் விளம்பரத்தில் 2001ஆம் ஆண்டின் ஹோண்டா எஸ் 2000 ஒன்று கண்ணில் படுகிறது. உரிமையாளர் காருக்குக் கார் மாற்றிக்கொள்ளத் தயார். மேற்கொண்டு சிறு தொகை கொடுத்தால் போதும் என்கிறார். கணவருக்கு அன்றிரவு உறக்கம் போய்விடுகிறது.

வேறு நாடாக இருந்தால் கணக்கு எளிது. எட்டு வயதுக் காரா, இருபத்தைந்து வயதுக் காரா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சிங்கப்பூரில் காருக்கு இரண்டு வயது உண்டு. ஒன்று இரும்பின் வயது. மற்றொன்று காகிதத்தின் வயது, அதாவது சிஓஇ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழின் வயது. 1990 மே மாதம் நடப்புக்கு வந்த இந்தச் சான்றிதழ் பத்தாண்டுகளுக்குச் செல்லும். 2018ல் பதிவான 86க்கு 2028ல் அது முடிந்துவிடும். அந்த எஸ் 2000 காருக்கோ 2011லும் 2021லும் பத்துப் பத்தாண்டுகளுக்குப் புதுப்பித்திருக்கிறார்கள். அதன் சான்றிதழ் 2031 வரை செல்லும். ஆக, இரும்பில் மூத்தது காகிதத்தில் இளையது! விற்பவர் இதைத்தான் முதலில் சொல்வார்: "உங்க காரைவிட என் காருக்கு மூணு வருஷம் கூட இருக்கு, அண்ணே."

அவர் சொல்வது பொய்யன்று. ஆனால் முழு உண்மையும் அன்று.

2018ல் பதிவான காரைப் பத்தாண்டு முடிவதற்குள் பதிவு நீக்கினால், வாங்கியபோது கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசாங்கம் திருப்பித் தருகிறது. 'பார்ஃப்' கழிவு என்று கார் வணிகர்கள் சொல்வது இதைத்தான். காரின் பொதுச் சந்தை மதிப்பு 30,000 வெள்ளி என்றால், 2018ஆம் ஆண்டு விதிப்படி கூடுதல் பதிவுக் கட்டணம் 34,000 வெள்ளி. பத்தாவது ஆண்டில் பதிவு நீக்கினாலும் அதில் பாதி, 17,000 வெள்ளி, கைக்கு வரும். சந்தை எப்படிப் போனாலும் இந்தத் தொகை குறையாது. சான்றிதழை ஒருமுறை புதுப்பித்துவிட்ட காருக்கு இந்தக் கழிவு கிடையாது. 2031க்கு முன் அதைப் பதிவு நீக்கினால், 2021ல் கட்டிய தொகையில் எஞ்சிய மாதங்களுக்கு உரியது மட்டுமே திரும்பும். மற்றபடி அந்தக் காரின் விலை என்பது இன்னொரு ரசிகர் என்ன கொடுப்பார் என்பதே. முதல் கார் தரையில் நிற்கிறது. இரண்டாவது கார் ரசனை என்ற கயிற்றில் தொங்குகிறது. கயிறு வலுவாகவே இருக்கலாம். ஆனாலும் அது கயிறுதான். விளம்பரத்தில் இரண்டு கார்களுக்கும் ஒரே விலை போட்டிருப்பதால் இரண்டும் ஒன்று என்று ஆகிவிடாது.

அப்படியானால் அந்தப் பழைய காரில் என்னதான் இருக்கிறது?

ஹோண்டா நிறுவனம் தன் ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி உருவாக்கிய கார் அது. 1999ல் வெளிவந்தது, 2009ல் உற்பத்தி நின்றது. இரண்டே இருக்கை, மடக்கும் துணிக்கூரை, ஆறு கியர், பின் சக்கர இயக்கம். இரண்டு லிட்டர் இயந்திரம், டர்போ கிடையாது. தொடக்க கால இயந்திரம் நிமிடத்துக்கு 9,000 சுற்றுவரை சுழலும். ஏறத்தாழ 6,000 சுற்றைத் தாண்டியதும் வால்வுகளைத் திறக்கும் அமைப்பு மாறும். அதோடு ஒலியும் மாறும், இழுவையும் மாறும். அந்த ஒலிக்காகவே பலர் அதை வாங்குகிறார்கள்.

86ஐயும் ஏழையாகக் கருத வேண்டாம். அதுவும் இரண்டு லிட்டர், பின் சக்கர இயக்கம்தான். முறுக்கு விசையில் இரண்டுக்கும் வேற்றுமை மிகக் குறைவு. எஸ் 2000க்கு 208, 86க்கு 205 நியூட்டன் மீட்டர். பழையது அந்த விசையை மிக உயரமான சுற்றுவரை இழுத்துச் செல்வதால் அதன் குதிரைத்திறன் கூடுகிறது. அவ்வளவுதான். 'பழைய காரின் ஸ்டியரிங்கில் மின்சாரக் கலப்படம் இல்லை' என்று சிலர் மேடைபோட்டுப் பேசுவதுண்டு. எஸ் 2000க்கும் மின்விசை ஸ்டியரிங்தான். ஏக்கம் பேசத் தொடங்கினால் விவரம் கொஞ்சம் பின்னால் போய்விடும்.

இந்த 9,000 சுற்றை எங்கே சுழற்றுவது? சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். எஸ் 2000 இரண்டாம் கியரிலேயே அதைத் தாண்டிவிடும். 1961 முதல் 1973 வரை பந்தயம் நடந்த பழைய அப்பர் தாம்சன் சாலையில் இன்று குரங்குகளுக்கு வழிவிட்டு மெல்லத்தான் போக வேண்டும். மனநிறைவாக ஓட்ட வேண்டுமானால் கடற்பாலம் தாண்டி, சிப்பாங் பந்தயத் தடத்தில் ஒரு நாளுக்கு இடம் பிடிக்க வேண்டும். ஆண்டில் எத்தனை நாள் அது நடக்கும் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற நாள்களில் அந்தக் கார் வேலைக்கும் சந்தைக்கும்தான் போய்வரும்.

செலவுக் கணக்கில் சில சிறியவை, சில பெரியவை. சாலை வரி இயந்திரத்தின் கொள்ளளவைப் பொறுத்தது. இரண்டு லிட்டருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,210 வெள்ளி. பத்து வயதைத் தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் பத்து விழுக்காடாக ஏறி, ஐம்பது விழுக்காடு கூடுதல் வரி வந்து நிற்கும். ஆகவே அந்த எஸ் 2000க்கு ஏறக்குறைய 1,815 வெள்ளி. இரண்டாண்டுக்கு ஒருமுறை போன கட்டாயப் பரிசோதனைக்கு ஆண்டுதோறும் போக வேண்டும். இவை தாங்கக்கூடியவை.

தாங்கக் கடினமானது பராமரிப்பு. யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, அதுதான். துணிக்கூரை மடிப்பு விழும் இடத்தில் கிழியும். 2001ஆம் ஆண்டுக் காரில் பின் சன்னல் கண்ணாடியன்று, நெகிழித்தாள். சிங்கப்பூர் வெயிலில் அது மங்கிப்போகும். சக்கரத் தாங்குகளில் உள்ள ரப்பர்கள் காய்ந்து வெடிக்கும். முன்னைய உரிமையாளர் எப்போதாவது கியரைத் தவறாகக் கீழே தள்ளி இயந்திரத்தை அளவுக்கு மீறிச் சுழற்றியிருந்தால், உள்ளே வால்வைப் பிடித்திருக்கும் சிறு பாகம் விரிசல் கண்டிருக்கலாம். வெளியே பார்த்தால் தெரியாது. 2020ல் ஹோண்டா இந்தக் காருக்கென்று சில புதிய துணைப்பாகங்களை ஜப்பானில் வெளியிட்டது உண்மைதான். என்றாலும் அடிபட்ட விளக்குக்கும் தகட்டுக்கும் வாரக்கணக்கில் காத்திருக்க நேரிடும். வீட்டில் ஒரே கார் என்றால் அந்த வாரங்களில் குடும்பம் எப்படிப் போய்வரும்?

இங்கேதான் மனைவியின் கேள்வி வருகிறது. காரைப் பற்றிக் கணவர் ஒரு மணி நேரம் பேசியபின் அவர் கேட்பது ஒன்றே ஒன்று: "ஏங்க, நைட் ஷிஃப்ட் முடிஞ்சு மழையில நான் அதை ஓட்டிட்டு வரலாமா?"

இதற்கு நேர்மையான பதில் வேண்டும். 86ல் ஏழு காற்றுப்பைகள் உண்டு. ஈரச்சாலையில் பின்பக்கம் சறுக்கத் தொடங்கினால் தானாகவே பிரேக்கைப் பிடித்து நேராக்கும் மின்னணுக் கட்டுப்பாடும் உண்டு. 2001ஆம் ஆண்டு எஸ் 2000ல் காற்றுப்பை இரண்டுதான். அந்தக் கட்டுப்பாடு அறவே இல்லை. வளைவில் திடீரென்று காலை எடுத்தால் பின்பக்கம் சுழன்றுவிடும் என்ற பெயரும் தொடக்க காலக் கார்களுக்கு உண்டு. நவம்பர், டிசம்பர் மாதப் பருவமழையில் தீவு விரைவுச்சாலை எப்படி இருக்கும் என்பது நேயர்களுக்குத் தெரியும். கணவர் பழகிக்கொள்வார். இரவு முழுதும் நோயாளிகளைப் பார்த்துக் களைத்து வருபவரையும், அண்மையில் உரிமம் எடுத்த மகளையும் பழகிக்கொள் என்று சொல்வது நியாயமா? இரண்டு இருக்கை என்பதால் மூவரும் சேர்ந்து கோயிலுக்குப் போவதும் இனி டாக்சியில்தான்.

ஆகவே இந்தக் குடும்பத்துக்கு இந்த மாற்று இப்போது பொருந்தாது. பழைய கார் தாழ்ந்தது என்பதால் அன்று. ஒரே காரைக் கொடுத்து ஓர் ஆசையை வாங்குவதாக இது முடிந்துவிடும் என்பதால்தான். 2028 வரை 86ஐ ஓட்டிவிட்டுக் கழிவுத் தொகையைக் கையில் வாங்கியபின் யோசிக்கலாம். அப்போது மகள் படிப்பை முடித்திருப்பார். 'அதற்குள் விலை ஏறிவிடுமே' என்ற அச்சம் ரசிகர்களுக்கு எப்போதும் உண்டு. பிற நாடுகளில் அந்த அச்சத்துக்கு இடமிருக்கிறது. இங்கே ஒரு பழைய காரின் விலையில் பெரும்பங்கு சான்றிதழில் எஞ்சிய ஆண்டுகளுக்கு உரியது. அந்தப் பங்கு மாதாமாதம் கரைகிறது. காத்திருப்பவர் இழப்பது வெளியிலிருந்து பார்க்கத் தோன்றும் அளவுக்குப் பெரிதன்று.

தனி ஆளாக இருப்பவர், அல்லது வீட்டில் வேறு கார் உள்ளவர் நிலைமை வேறு. அவர் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சான்றிதழை ஐந்தாண்டுக்குப் புதுப்பித்த காரா, பத்தாண்டுக்குப் புதுப்பித்த காரா என்று முதலில் பார்க்க வேண்டும். ஐந்தாண்டுக்குப் புதுப்பித்ததை மறுபடியும் புதுப்பிக்க முடியாது. அந்தக் கார் முடிவு தேதியோடு வருகிறது. பத்தாண்டுக்கு உரியதை 2031ல் மீண்டும் புதுப்பிக்கலாம். ஆனால் அன்றைய கட்டணம் என்னவாக இருக்கும்? இந்தப் பெரிய கார்ப் பிரிவில் 2023 அக்டோபரில் ஏலக் கட்டணம் 150,001 வெள்ளியைத் தொட்டது. புதுப்பிக்கும் கட்டணம் மூன்று மாத ஏலங்களின் சராசரி. காரை வாங்கும்போதே அதற்கும் சேர்த்துத்தான் மனத்தைத் தயார்ப்படுத்த வேண்டும். 35 ஆண்டுப் பழமை வந்தால் செவ்வியல் கார் திட்டத்தில் சேர்த்துக் குறைந்த கட்டணத்தில் வைத்திருக்கலாமே என்பார் ஒருவர். 2001ஆம் ஆண்டுக் கார் 2036ல்தான் அந்த வயதை எட்டும். அதற்குப் பின்னும் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம்.

காப்புறுதியையும் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. பழைய காருக்கு முழுக் காப்புறுதி தரச் சில நிறுவனங்கள் தயங்கும். தந்தாலும், கார் சேதமடைந்தால் எந்த மதிப்பில் இழப்பீடு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இன்னொன்று, பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் புகைபோக்கியை மாற்றாதது அரிது. நிலப் போக்குவரத்து ஆணையம் ஏற்காத மாற்றம் இருந்தால், கார் கைமாறிய மறுநாளிலிருந்து அதற்குப் பொறுப்பு புதிய உரிமையாளர்தான்.

பேச்சு முடிந்து முன்பணம் கொடுக்கும் நேரத்தில், விற்பவருக்குத் தெரிந்த பட்டறைக்குப் போகாமல் வாங்குபவர் தேர்ந்தெடுக்கும் பட்டறைக்குக் காரைக் கொண்டுபோக வேண்டும். நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்து, பின்பெட்டிக் கம்பளத்தைத் தூக்கிப் பற்றவைத்த தடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். அதில் குறை கண்டால் முன்பணம் முழுதும் திரும்ப வரும் என்ற ஒரு வரி, கையெழுத்திடும் தாளிலேயே இருக்க வேண்டும். அந்த வரியை எழுத மறுப்பவரிடம் வாங்காமல் வந்துவிடலாம். ஊரில் இன்னும் சில எஸ் 2000 கார்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.