இன்சுலின் போடும் பிள்ளையும் நம் மஹல்லாவும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இந்த மேடையில் கல்வியைப் பற்றியோ ஜகாத்தைப் பற்றியோ பேசுவது நம் வழக்கம். இவ்வாண்டு நம்முடைய தவறொன்றிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், அஸர் தொழுகைக்குப் பின் ஒரு தகப்பனார் தம் ஒன்பது வயது மகளை நம்மிடம் அழைத்து வந்தார். சர்க்கரை நோய், நாள்தோறும் நான்கு ஊசி, பிள்ளை அழுகிறாள், ஓதிப் பார்க்க வேண்டும் என்றார். ஓதினோம். தண்ணீரும் ஓதிக் கொடுத்தோம். அல்லாஹ் சுகத்தைத் தருவான் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினோம். ஊசியை நிறுத்தி விடாதீர்கள் என்ற ஒரு சொல்லை மட்டும் நாம் சொல்லவில்லை; சொல்ல வேண்டும் என்றே நமக்குத் தோன்றவில்லை. நம் மௌனத்தை அவர் அனுமதியாக எடுத்துக் கொண்டார். மூன்றாம் நாள் பிள்ளை ஓயாமல் வாந்தியெடுத்து, ஆழ்ந்து மூச்சு வாங்கி, நினைவு தடுமாறிய நிலையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டாள். அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்தாள். செய்தி கேட்டு ஓடிச் சென்ற நம்மை, வராந்தாவில் நின்ற அவளுடைய உம்மா ஏறிட்டுப் பார்த்தார். "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவிய கேட்டிருப்பாவ, ஹஸ்ரத்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நோய்க்கு மருந்து செய்து கொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருப்பதை எத்தனையோ ஜும்ஆக்களில் நாமே பயான் செய்திருக்கிறோம். அன்று அது நம் நாவில் வரவில்லை. அதன் பின்னரே மருத்துவர்களிடம் சென்று, மாணவனைப் போல் அமர்ந்து, இந்நோயைக் கேட்டறிந்தோம்.

நம்மில் பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை வேறு, பிள்ளைகளுக்கு வரும் இந்த முதல் வகைச் சர்க்கரை வேறு. இதில் உடலின் காவல் சக்தியே வழிதவறி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்து விடுகிறது. மிட்டாய் தின்றதால் வருவதன்று; பெற்றோர் குற்றத்தால் வருவதன்று; ஒட்டிக் கொள்வதுமன்று. ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், விட்டுப்போன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குதல், நன்றாகச் சாப்பிட்டும் மெலிதல் ஆகியவை கண்டால் அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்திட வேண்டும். கனடாவின் டொரன்டோ நகரில் 1921-ல் இன்சுலின் கண்டறியப்படும் வரை, இந்நோய் கண்ட பிள்ளைகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குள் மடிந்தனர். 1922 ஜனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக அது செலுத்தப்பட்டது. அன்றிலிருந்து இந்த ஊசியே அப்பிள்ளைகளுக்கு உணவைப் போன்றது, ஒருநாளும் நிறுத்துவதற்கில்லை.

இங்கே ஓர் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில், கணையத்தில் எஞ்சிய அணுக்கள் சற்றே தேறி, இன்சுலின் தேவை வெகுவாகக் குறையலாம். அப்போது யாராவது கொடுத்த சூரணமோ நாம் ஓதிய தண்ணீரோ நோயைத் தீர்த்து விட்டதாகக் குடும்பம் நம்பி விடுகிறது. சில மாதங்களில் தேவை மீண்டும் ஏறும். அந்த வேளையில் ஊசி நின்றிருந்தால் என்னவாகும் என்பதைத்தான் மேலே சொன்னோம். காய்ச்சலில் பிள்ளை சாப்பிடவில்லை என்பதற்காகவும் இன்சுலினை அறவே நிறுத்தலாகாது. அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்ற வேண்டும்.

ஓர் உம்மாவின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். விடிந்ததும் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும். ஆப்பமா, புட்டா, மரவள்ளிக் கிழங்கா என்பதற்கேற்ப ஊசியின் அளவை முடிவு செய்ய வேண்டும். மதியமும் இரவும் அவ்வாறே. நடுச்சாமத்தில் பிள்ளையின் நெற்றி வியர்த்திருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். இதில் ஊராரின் யோசனைகள் வேறு! கருப்பட்டி சர்க்கரை ஆகாது, மட்டிப்பழம் மருந்து என்பார்கள். கருப்பட்டியும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றவே செய்யும். அதே வேளை, வலீமா பந்தியில் அப்பிள்ளையை மட்டும் தனியே உட்கார வைத்து வேடிக்கை பார்ப்பதும் கொடுமை. அளவறிந்து, அதற்குரிய ஊசியுடன் பிள்ளையும் பிரியாணி உண்ணலாம்.

அரபுநாட்டிலிருந்து அன்பாய் மருந்து கொண்டுவரும் சகோதரர்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். நம் நாட்டில் இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் மில்லிக்கு 40 அலகு கொண்டவை. அதற்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. வெளிநாட்டுக் குப்பிகளோ பொதுவாக 100 அலகு கொண்டவை. அதற்குரியது ஆரஞ்சு நிற மூடி. 100 அலகு மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். ஹத்யாவாக வந்தது உயிருக்கே உலை வைத்துவிடும்.

மதரஸாவின் பொறுப்பும் பெரிது. சுபுஹுக்குப் பின் ஓத வரும் பிள்ளை திடீரென வியர்த்து, கை நடுங்கி, எரிச்சலாகப் பேசினாலோ, கிதாபின் மேல் தலை சாய்த்தாலோ, உஸ்தாதுமார்கள் அதைச் சேட்டை என்று எண்ணிப் பிரம்பை எடுத்துவிடக் கூடாது. அது சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியதாக இருக்கலாம். மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். மயங்கி விட்டால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து மருத்துவமனைக்கு விரைய வேண்டும். தேர்வறைக்குள் இப்பிள்ளைகள் தின்பண்டம் கொண்டுசெல்ல மத்தியக் கல்வி வாரியம் 2017-லேயே அனுமதித்திருக்கிறது. நம் மதரஸாவில் மட்டும் தடுக்கலாமா?

இனி மஸ்அலாக்கள். பன்றியிலிருந்து எடுத்த மருந்தல்லவா என்று சிலர் தயங்குகின்றனர். முற்காலத்தில் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து இன்சுலின் எடுத்தது உண்மை. 1982 முதல் மனித இன்சுலினை நுண்ணுயிர்களைக் கொண்டே தயாரித்து விற்பனை செய்கிறார்கள். இன்று நம் கைக்கு வருவது பெரும்பாலும் இவ்வகையே. நோன்பில் விரல் குத்திப் பார்க்கலாமா என்பது அடுத்த கேள்வி. உணவாகாத ஊசியாலும், சோதனைக்கு இரத்தம் எடுப்பதாலும் நோன்பு முறியாது என்று 1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்துள்ளது. எனினும் சிறுவர்க்கு நோன்பு கடமையே இல்லை. பருவமடைந்த பின்னும் நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை ஸூரத்துல் பகரா தெளிவாகவே கூறுகிறது. 2001-ல் 13 நாடுகளில் நடந்த ஆய்வில், இவ்வகை நோயாளிகளிடையே கடுமையான சர்க்கரைத் தாழ்வு ரமலானில் ஏறத்தாழ 5 மடங்கு கூடியதாகக் கண்டார்கள். தோழியர் நோற்கையில் தான் மட்டும் உண்பதா என்று மதிய உணவை ஒளித்துவிடும் பிள்ளைகள் உண்டு. அவர்களிடம் "நீ நோற்காததும் அல்லாஹ் தந்த அனுமதிப்படிதான்" என்று சொல்வது இமாமாகிய நம் வேலை. சொல்லத் தொடங்கியிருக்கிறோம்.

செலவைப் பற்றியும் பேசியாக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் விலையின்றிக் கிடைக்கிறது. ஆனால் நாளைக்கு நான்கைந்து முறை சோதிக்கும் ஸ்டிரிப்புகளின் செலவே ஏழைக் குடும்பத்தை முறித்து விடுகிறது. முன்னொரு காலத்தில் நம் மாவட்டத்தையும் தன்னுள் கொண்டிருந்த திருவிதாங்கூரின் பக்கம் இப்போது பாருங்கள்: கேரள அரசு 2018-ல் இப்பிள்ளைகளுக்கென்றே ஒரு திட்டம் தொடங்கி, அதற்கு 'மிட்டாயி' என்று பெயரும் வைத்திருக்கிறது! பெயர் வைத்தவர் யாரோ, பிள்ளைகளின் மனத்தை அறிந்தவர். கோயம்புத்தூரில் இதயங்கள் அறக்கட்டளை இத்தகைய பிள்ளைகளுக்கு உதவி வருகிறது. நம் பைத்துல்மாலிலிருந்து மஹல்லாவின் இக்குடும்பங்களுக்கு மாதந்தோறும் ஸ்டிரிப் வாங்கித் தர நிர்வாகத்தினர் இக்கூட்டத்திலேயே தீர்மானம் இயற்றும்படி கேட்டுக் கொள்கிறோம். பெண் பிள்ளையாயிற்றே, நாளை நிக்காஹ் தடைபடுமே என்று நோயை மறைத்து வைத்திருக்கும் வீடுகளும் உண்டு என்பதை அறிவோம். உதவி பெறுவோர் பெயர் நோட்டீஸ் பலகையில் ஏறாது. செயலாளரும் நாமும் மட்டுமே அறிவோம்.

மற்றொன்று. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்து, நம் மாவட்டத்தில் பல ஊர்கள் நாட்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அன்று மீனும் இறைச்சியும் கெட்டதைப் பற்றியே நாமெல்லாம் பேசினோம். குளிர்பெட்டியில் இன்சுலின் வைத்திருந்தவர்களை யார் நினைத்தோம்? பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். உறைந்து விட்டால் பயன்படாது. மின்சாரமற்ற வீட்டில், மண்பானைக்குள் சிறு பானையை வைத்து இடையே ஈரமணல் நிரப்பி, மருந்தை ஈரம் படாமல் உள்ளே வைத்தால் ஓரளவு தாங்கும். பள்ளிவாசல் ஆபீஸ் அறையிலுள்ள குளிர்பெட்டி ஜெனரேட்டரில் ஓடுகிறது. அதன் நடுத்தட்டைக் காலி செய்து இன்சுலினுக்கென ஒதுக்கியிருக்கிறோம். சாவி மோதினாரிடம் இருக்கும். இரவு எந்நேரமானாலும் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். அவரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.