தடிமன் மருந்தும் மதுவும்

மாரிகாலம் தொடங்கியதும் வீடுதோறும் தும்மலும் இருமலும் கேட்கத் தொடங்கும். அவற்றோடு கைமருந்துகளும் வெளிவரும். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் இட்டுக் காய்ச்சிய குடிநீர் அவற்றுள் ஒன்று. சுடுநீரிலே கலந்த பிரண்டி மற்றொன்று. பிரண்டி வாங்க வசதியற்ற இடத்தில் சாராயம் அதன் வேலையைப் பார்க்கும். முன்னையதைப் பற்றி இங்கே கூறவேண்டியது எதுவுமில்லை. பின்னையதே இவ்வுரையின் பொருள். முற்காலத்தில் தடிமனுக்குப் பிரண்டி அருந்தியவர் பெரும்பாலும் அதனை மட்டுமே அருந்தினார். இன்றோ, மருந்துக்கடையில் வாங்கிய இரண்டு மூன்று வகைக் குளிசைகளை விழுங்கிவிட்டு, அவற்றின் மேல் பிரண்டியையும் அருந்துகிறார். இரண்டையும் மருந்தென்றே கருதுவதால், மருந்தையும் மதுவையும் தாம் கலப்பதாக அவருக்குத் தோன்றுவதேயில்லை.

பிரண்டி உடலுக்குச் சூடு தரும் என்பது பழைய நம்பிக்கை. மதுசாரம் தோலிலுள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்கின்றது. உள்ளிருக்கும் வெப்பம் தோலுக்கு வருகின்றது. அதனாலேயே சூடு ஏறியது போன்ற உணர்வு உண்டாகின்றது. உண்மையில் உடல் வெப்பத்தை இழக்கின்றது. அன்றியும், மதுசாரம் சிறுநீரைப் பெருக்குவதால், காய்ச்சலினால் ஏற்கெனவே நீரிழந்த உடல் மேலும் வறள்கின்றது.

இனிக் குளிசைகளைப் பார்க்கலாம். மூக்கொழுகலை நிறுத்துதற்கு எமது நாட்டில் பெரிதும் வழங்கும் மருந்து குளோர்பெனிரமைன். 'பிரிற்றன்' எனக் கேட்டு வாங்கும் சிறிய மஞ்சட் குளிசை அதுவே. இது மூளையையும் எட்டி உறக்கம் வருவிக்கும். மதுசாரமும் மூளையின் விழிப்பை மங்கச் செய்வது. இரண்டும் ஒன்றுசேரும்போது மயக்கம் தனித்தனியே உண்டாவதிலும் மிகும். கண் திறந்திருக்கும், ஆனால் கை, கால், கணிப்பு யாவும் தாமதிக்கும்.

மாலையில் ஒரு குளிசையும், உடல் நோவுக்கென்று சிறிதளவு சாராயமும் உட்கொண்டு, நள்ளிரவில் கொழும்புக்குச் சரக்கேற்றிப் புறப்படும் லொறிச் சாரதியை எண்ணிப் பார்க்கலாம். அவர் அருந்திய மது வழக்கத்திலும் குறைவே. ஆதலால் தம்மைத் தெளிவானவர் என்றே அவர் நம்புவார். வழியில் மறிக்கும் பொலிசார் ஊதச் சொல்லும் கருவியும் அவர் பக்கமே பேசக்கூடும். அது மதுசாரத்தை அளக்குமேயன்றிக் குளிசையை அளக்காது. ஈரல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் மதுசாரத்தைக் கழித்துவிடும். குளோர்பெனிரமைனோ மறுநாளும் உடலிலே தங்கியிருக்கும். இம்மருந்தைப் பொறுத்தவரையில், சிறிதளவு மதுவும் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே. கொடீன் கலந்த இருமற் பாணியாயின் ஆபத்து இன்னும் பெரிது. அது மதுவுடன் சேர்ந்து மூச்சையே மந்தப்படுத்தும். உறங்குபவரின் மூச்சு தளர்வதை அருகில் படுத்திருப்பவரும் அறியார்.

உறக்கமேனும் வெளியே தெரிவது. ஈரலுக்கு நேர்வது வெளியே தெரியாது. 'பனடோல்' என்னும் வணிகப் பெயராலேயே இலங்கையில் பலரும் அறிந்த பரசிற்றமோல், 1956ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது. வயிற்றைப் புண்படுத்தாத நல்ல மருந்தென்று பெயரெடுத்தது, அப்பெயர் பொய்யுமன்று. ஆயினும் 1966இல், அளவுமீறி அதனை உட்கொண்டோரின் ஈரல் அழிந்த செய்தி பிரித்தானிய மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. காரணம் 1970களிலே தெளிவாயிற்று. உட்கொண்ட பரசிற்றமோலின் பெரும்பகுதியை ஈரல் தீங்கற்றதாக்கிச் சிறுநீரில் விட்டுவிடும். சிறு பகுதி மாத்திரம் வேறொரு வழியாகச் சென்று நஞ்சாக மாறும். அந்நஞ்சை உடனுக்குடன் முறிப்பதற்குக் குளுற்றத்தயோன் என்னும் பொருளை ஈரல் சேமித்து வைத்திருக்கின்றது.

நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரின் ஈரலில், நஞ்சாக்கும் அந்த இரண்டாம் வழி அகன்றுவிடுகின்றது. மதுசாரத்தை எரிக்கும் நொதியமொன்றே பரசிற்றமோலையும் நஞ்சாக்குவது. குடி பெருகப் பெருக அந்நொதியமும் பெருகும். சரியாக உண்ணாமையால் குளுற்றத்தயோனின் சேமிப்போ குறைந்து போகும். இதில் வியக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. மதுசாரம் உடலில் நிற்கும் வரையில் அந்நொதியம் அதனோடு மல்லுக்கு நிற்கும். பரசிற்றமோல் ஓரளவு தப்பிக்கொள்ளும். மது கழிந்த பின்னரே நொதியம் முழுதும் பரசிற்றமோலின் மேல் திரும்புகின்றது. ஆகவே பெருங்குடியர் ஒருவர் காய்ச்சலில் விழுந்து, குடியை நிறுத்தி, சோறும் இறங்காமல் கிடந்து, நோவு தாங்காது பனடோலை அடுத்தடுத்து விழுங்கும் அந்த இரண்டொரு நாளே அவருக்கு மிகவும் ஆபத்தான நாள். "இன்று நான் தொடவேயில்லை" என்று அவர் கூறுவது உண்மையாகவே இருக்கலாம். ஈரல் அதனைக் கணக்கிற் கொள்வதில்லை.

இதனைக் கேட்டு, எப்போதேனும் சிறிது மது அருந்துபவர் இரண்டு பனடோலுக்கு அஞ்சி நடுங்கவேண்டியதில்லை. உரிய அளவில் உண்ணும் பரசிற்றமோல் அவருக்குத் தீங்கு செய்வது அரிது. வளர்ந்தோருக்கு ஒரு நாளின் உச்ச அளவு 4 கிராம். அதாவது 500 மில்லிகிராம் குளிசைகள் எட்டு. உடல் மெலிந்தோருக்கும் தினமும் குடிப்போருக்கும் அதனிலும் குறைவாகவே வைத்தியர் அளப்பர். நாள்தோறும் மூன்று கிண்ணமோ அதற்கு மேலோ மது அருந்துவோர் நோவு மருந்து உண்ணுமுன் வைத்தியரைக் கேட்கவேண்டுமென்ற எச்சரிக்கையைப் பொதிகளில் அச்சிடும்படி 1998ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு விதித்தது.

உச்ச அளவைப் பலர் அறியாமலே கடந்துவிடுகின்றனர். தடிமனுக்கென விற்கும் கலப்புக் குளிசைகள் பலவற்றில் பரசிற்றமோல் ஏற்கெனவே இருக்கின்றது. அதனை அறியாதவர் கலப்புக் குளிசையோடு பனடோலையும் சேர்த்து உண்பார். மதுசாரமும் அவ்வாறே மறைந்து வருவதுண்டு. சில இருமற் பாணிகளில் அது கரைப்பானாகச் சேர்க்கப்படுகின்றது. ஆயுர்வேத அரிஷ்டங்களில் நொதித்தலால் தானே உண்டாகின்றது. போத்தலின் ஒட்டுச்சீட்டிலுள்ள சிறிய எழுத்தைப் படிக்க முதியோருக்குக் கண்ணாடி வேண்டும், இளையோருக்குப் பொறுமை வேண்டும். இரண்டும் இல்லாவிடின் மருந்துக்கடைக்காரரைக் கேட்பது எளிது.

எமது நாட்டுக்கே சிறப்பாக உரிய கவலை ஒன்றும் உண்டு. மழையோடு வருவது தடிமன் மாத்திரமன்று, டெங்குவும் வருகின்றது. முதல் இரண்டு நாட்களில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். டெங்கு ஈரலைத் தாக்கவல்லது. அவ்வேளையில் அளவுமீறிய பரசிற்றமோலும் மதுவும் சேர்ந்தால் ஒரே உறுப்பின் மேல் மூன்று அடி விழும். காய்ச்சல் தணியவில்லையே என்று அஸ்பிரின், இபுபுரூபன் முதலியவற்றை நாடுவது அதனிலும் கேடு. அவை இரத்தப் பெருக்கை உண்டாக்கக்கூடியவை. மதுவும் சேரின் இரைப்பையிலிருந்தே குருதி கசியும்.

பரசிற்றமோல் மிகையானவருக்கு முதல் நாளில் குமட்டலும் சோர்வுமே தோன்றும். அவற்றைக் காய்ச்சலின் குணமென்றோ, குடித்த மறுநாளின் தளர்ச்சியென்றோ வீட்டார் தள்ளிவிடுவர். இரண்டாம் நாள் வலப்புற விலாவின் கீழ் நோவு எழும். மூன்றாம் நான்காம் நாட்களில் கண் மஞ்சளிக்கும், அறிவு தடுமாறும். இதற்கு அசற்றைல்சிஸ்ரீன் என்னும் மாற்று மருந்து உண்டு. மருந்து மிகையாக உட்கொண்டு எட்டு மணி நேரத்துக்குள் அதனை ஏற்றத் தொடங்கினால் ஈரல் பெரும்பாலும் முழுமையாகவே காப்பாற்றப்படும். நேரம் செல்லச் செல்லப் பயன் குறையும். ஆதலால் ஐயம் தோன்றியவுடனேயே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். செல்கையில் வெறுமையான குளிசை அட்டைகளையும் பாணிப் போத்தலையும் எடுத்துச்செல்வது நன்று. எத்தனை குளிசை, எந்நேரத்தில், முந்திய நாட்களில் எவ்வளவு மது என்று வைத்தியர் வினவுவார். மூன்றாவது வினாவுக்கு நோயாளி கூச்சத்தால் மறுமொழி கூறாவிட்டால், உடன்சென்றவர் கூறவேண்டும்.