தள்ளாடும் நடை: பெற்றோர் கவனத்திற்கு



நேராக நடந்து வந்த குழந்தை கால்களை அகட்டி வைத்துத் தள்ளாடுகிறது, பொத்தானைப் போட இயலாமல் விரல்கள் தடுமாறுகின்றன, பேச்சு குழறுகிறது. இதனைக் குறும்பென்றோ சோம்பலென்றோ கடிந்துகொள்ளுதல் ஆகாது. அசைவுகளை ஒழுங்குபடுத்தும் சிறுமூளையோ அதனோடு இணைந்த நரம்புகளோ பழுதுறும்போது தோன்றும் இந்நிலையை மருத்துவர் ‘அட்டாக்ஸியா’ என்பர். இது ஒரு தனி நோயன்று. பல நோய்களின் அடையாளம். எப்போது, எவ்வாறு தொடங்கியது என்பதே காரணத்தை அறியும் முதல் வழி.

ஓரிரு நாளில் திடீரெனத் தொடங்கினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சின்னம்மை கண்ட சில குழந்தைகளுக்குப் பின்னர் இவ்வாறு நேர்வதுண்டு; பெரும்பாலோர் தேறிவிடுவர். ஆயினும் அதுவே காரணமென வீட்டிலேயே முடிவு செய்யலாகாது. வீட்டிலுள்ள பெரியவர்களின் வலிப்பு மாத்திரையையோ தூக்க மாத்திரையையோ குழந்தை விழுங்கியிருக்கலாம். அந்த மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு செல்லுங்கள். தலையில் அடிபட்டிருந்தாலோ, உணர்வு மங்கினாலோ, வலிப்பு வந்தாலோ 108ஐ அழையுங்கள்.

வாரக்கணக்கில் தள்ளாட்டம் வளர்ந்து, காலையில் தலைவலியும் வாந்தியும் சேர்ந்தால், மூளையில் கட்டி உளதா என ஸ்கேன் எடுத்துப் பார்த்தல் வேண்டும்.

ஆண்டுக்கணக்கில் கூடுவது பரம்பரை நோயாக இருக்கலாம். 1863இல் ஜெர்மானிய மருத்துவர் பிரீட்ரைக் விவரித்த நோய் பெரும்பாலும் 5 முதல் 15 வயதிற்குள் தலைகாட்டும், இதயத்தையும் தாக்கும். தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்தால் இந்நோய் உண்டாகும். நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில் அவ்வாய்ப்பு மிகுதி. எனினும், இதைப் போலவே தோன்றும் ஒரு வகை வைட்டமின் ஈ குறைபாட்டால் வருவது. அவ்வைட்டமினை அளித்தே அதனைக் கட்டுப்படுத்தலாம். ஆகவே ‘விதி’ என்று சொல்லிப் பரிசோதனையைக் கைவிடாதீர்கள்.

புலால் மறுத்த நமக்கு இன்னொன்றும் இன்றியமையாதது. வைட்டமின் பி12 தாவர உணவில் இல்லை. நமக்குப் பாலும் தயிருமே அதனைத் தருவன. தாய்க்கு அது குறைந்தால், தாய்ப்பாலை மட்டும் அருந்தும் சேய் வெளிறி, நடுக்கமுற்று, கற்ற செயல்களையும் மறக்கக்கூடும். வளர்ந்த பிள்ளைகளுக்கும் நரம்பு பழுதுற்று நடை தடுமாறலாம். கருவுற்ற பெண்கள் இரத்தப் பரிசோதனை குறித்து மருத்துவரிடம் கேளுங்கள். குறையிருப்பின், ஜெலட்டின் உறையில்லாத மாத்திரையைக் கேட்டுப் பெறலாம், அறத்திற்கும் ஊறில்லை.

குழந்தையின் நடையைக் கைபேசியில் பதிந்து மருத்துவரிடம் காட்டுங்கள். சொல்லில் அடங்காததை அது சொல்லும். ஈரோட்டுக் குடும்பங்களுக்குப் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகிலேயே உள்ளது. காலம் தாழ்த்தாமையே குழந்தைக்கு நாம் செய்யும் முதல் மருத்துவம்.