‘மாட்டான்’ என்னும் சொல்



“சொன்னால் கேட்க மாட்டான், ஓரிடத்தில் உட்கார மாட்டான், எழுத மாட்டான்.” பள்ளியிலிருந்து வரும் குறிப்பேட்டிலும் உறவினர் பேச்சிலும் சில சிறுவர்களைப் பற்றி ஓயாமல் வழங்கும் சொற்கள் இவை. ‘மாட்டான்’ என்பது இன்று மனமின்மையைக் குறிக்கிறது. பழந்தமிழிலோ அது இயலாமையைக் குறித்தது. மாட்டாதவன் என்றால் ஆற்றல் இல்லாதவன். காலப்போக்கில் ‘இயலாது’ என்பது ‘விருப்பமில்லை’ என்றாகிவிட்டது. சொல்லுக்கு நேர்ந்த இம்மாற்றம் சில குழந்தைகளுக்கும் நேர்கிறது. இயலாமையால் தவறுபவன், வேண்டுமென்றே தவறுபவனாகக் கருதப்படுகிறான்.

இது புதிய நோயன்று. கைப்பேசி கொண்டுவந்ததும் அன்று. ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்து மருத்துவர் ஹென்ரிச் ஹாப்மன் தம் மூன்று வயது மகனுக்காக 1844ஆம் ஆண்டு தாமே படம் வரைந்து பாட்டெழுதிய புத்தகம் ஒன்று மறு ஆண்டு அச்சேறியது. அதன் பின்வந்த பதிப்பில் பிலிப் என்னும் சிறுவன் வருகிறான். உணவு மேசையில் நாற்காலியை ஆட்டிக்கொண்டே இருந்து, விழும்போது மேசைவிரிப்பைப் பற்றியிழுத்து, உணவனைத்தையும் தரையில் கொட்டுகிறான். தந்தைக்குக் கோபம், தாய் பேசாமல் பார்க்கிறாள். எத்தனை வீடுகளில் இன்றும் நடக்கும் காட்சி!

1902ஆம் ஆண்டு லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் நிகழ்த்திய உரைகளில், அறிவில் குறையில்லாமலே தன்னை அடக்க இயலாத பிள்ளைகளை விவரித்தார். தண்டனை பெற்ற சில மணி நேரத்திலேயே அதே தவற்றை மீண்டும் செய்வார்கள் என்றும் குறித்தார். எனினும் அதற்கு அவர் இட்ட பெயர் ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறைபாடு என்பதே. ‘ஒழுக்கம்’ என்ற சொல் அந்தப் பிள்ளைகளின் தலைமேல் நெடுங்காலம் ஏறி அமர்ந்திருந்தது.

திருப்பம் தற்செயலாய் வந்தது. 1937இல் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் சார்லஸ் பிராட்லி என்னும் மருத்துவர், பரிசோதனைக்குப் பின் தலைவலியால் வருந்திய குழந்தைகளுக்கு ஊக்க மருந்து ஒன்றைக் கொடுத்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் அவர்களில் பலர் பாடத்தில் ஊன்றினர், அமைதியுற்றனர். பிள்ளைகளே அதற்குக் ‘கணக்கு மாத்திரை’ என்று பெயரிட்டனர். கெட்ட எண்ணம் மாத்திரையால் நல்ல எண்ணமாவதில்லை. மூளை கவனத்தை ஆளும் முறையில்தான் ஏதோ வேறுபாடு இருந்திருக்க வேண்டும்.

இன்று இதனைக் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு என்பர். துறுதுறுப்பான பிள்ளைகள் எல்லாருக்கும் இப்பெயர் பொருந்தாது. அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். ஆறு மாதமேனும் நீடிக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலேனும் காணப்பட வேண்டும். பள்ளியில் மட்டும் கலங்குபவனுக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பதில் இடர் இருக்கலாம். காது சரியாகக் கேளாமல் இருக்கலாம். உறக்கம் போதாமல் இருக்கலாம். அவற்றை முதலில் ஆராய்வதே முறை.

“இரண்டு மணி நேரம் விளையாட்டில் மூழ்குகிறானே, அவனுக்கா கவனமில்லை?” என்று பெற்றோர் கேட்பது இயல்பு. நொடிக்கொரு பரிசு தரும் திரை அவன் கவனத்தைத் தானே பிடித்துவைத்துக் கொள்கிறது. பரிசு தொலைவில் இருக்கும் கணக்குப் பாடத்தில் கவனத்தைப் பிடிக்க வேண்டியவன் அவனே. அங்குதான் அவன் தடுமாறுகிறான்.

இதனோடு சேர்ந்தும் தனித்தும் வருவது எதிர்ப்பு நடத்தைக் கோளாறு. அடிக்கடி சினம், எதற்கெடுத்தாலும் வாதம், வேண்டுமென்றே பிறரைச் சீண்டல் ஆகியன அதன் குறிகள். இங்கே இயலாமை மட்டுமன்று, பழக்கமும் கலந்திருக்கிறது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜெரால்டு பேட்டர்சன் என்னும் உளவியலாளர் குடும்பங்களின் அன்றாட உரையாடலை வீட்டிலேயே கூர்ந்து கவனித்தார். தாய் ஒரு வேலை சொல்கிறாள்; பிள்ளை கத்துகிறான்; தாய் சலித்து விட்டுவிடுகிறாள். கத்தினால் வேலை ஓடிவிடும் என்று பிள்ளை கற்கிறான். மற்றொரு நாள் தாய் அவனைவிட உரக்கக் கத்துகிறாள்; அவன் அடங்குகிறான். கத்தினால்தான் நடக்கும் என்று தாய் கற்கிறாள். இருவரும் ஒருவருக்கொருவர் ஆசிரியராகி, சத்தம் மட்டும் வளர்கிறது. இதில் குற்றவாளி என்று எவரையும் சுட்ட முடியாது.

ஆகவேதான் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மருந்துக்கு முன் பெற்றோருக்குப் பயிற்சி என்பர். ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, அதுவும் அருகில் சென்று, சுருக்கமாக. செய்த உடனே பாராட்டு. செய்யாவிட்டால் முன்பே சொன்ன சிறு இழப்பு, கோபமின்றி. கேட்க எளிது. நாள் முழுதும் அலுத்து வந்தவர்க்கு நடத்திக் காட்டுதல் எளிதன்று. மூத்த பிள்ளைகளுக்கு மருத்துவர் மருந்து பரிந்துரைத்தால், அதற்காகப் பெற்றோர் நாண வேண்டியதில்லை. அண்டை வீட்டார் சொல் கேட்டு இடையில் நிறுத்துவதும் தகாது.

பெண் குழந்தைகளைப் பற்றியும் ஒரு சொல். இக்குறை உள்ள சிறுமி பெரும்பாலும் நாற்காலியை ஆட்டுவதில்லை. சன்னலோரம் அமர்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள், குடையைத் தொலைப்பாள், பாதிக் கணக்கோடு நிறுத்துவாள். அவளால் வகுப்புக்கு இடையூறில்லை. ஆதலால் அவளைப் பற்றிப் பள்ளியிலிருந்து கடிதமும் வருவதில்லை. “நல்ல பெண்தான், கொஞ்சம் மந்தம்” என்று முன்னேற்ற அறிக்கையில் ஒரு வரி வரும். அதைப் படித்துக் கையொப்பமிடும் பெற்றோர், அந்த ஆண்டே அவளை ஒரு குழந்தை மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம்.