கைவேலைக்கு ஒரு தனி மூக்குக்கண்ணாடி

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



ஏர் முறிந்தால் உழவர் அன்றே தச்சரிடம் செல்லுகிறார். தறி பழுதானால் நெசவாளர் உடனே செப்பனிடுகிறார். கண் மங்கினால் மட்டும் "வயதாகிவிட்டது" என்று கூறி, வேலையையே குறைத்துக்கொள்ளுவோர் பலர். கருவிகளுள் தலையாயது கண்ணே. 2017-ஆம் ஆண்டில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்திலே, நாற்பது வயது கடந்த தொழிலாளருள் ஒரு பகுதியினருக்குக் கிட்டத்துப் பார்வைக் கண்ணாடி கொடுத்துச் சோதனை நடத்தப்பட்டது. கண்ணாடி பெற்றோர் இலை பறிக்கும் திறன் சுமார் 39 சதவிகிதம் உயர்ந்தது. பெறாதோருடையது 18 சதவிகிதமே உயர்ந்தது.

வெள்ளெழுத்து மட்டும் உடையோர்க்குக் கடையிலே ஆயத்தக் கண்ணாடி மலிவாகக் கிடைக்கும். கடுமையான கிட்டப்பார்வை உடையோர்க்கு அது உதவாது. கடைக் கண்ணாடி பிளஸ் பவருடையது. இவர்களுக்கு வேண்டியதோ மைனஸ் பவர்.

மைனஸ் 8 பவருள்ள தையற்காரர் ஒருவரை உதாரணமாகக் கொள்ளலாம். கண்ணாடியைக் கழற்றினால் அவருக்கு 12.5 சென்டிமீட்டர் வரையில்தான் தெளிவாகத் தெரியும். ஊசியின்மேல் முகத்தைக் கவிழ்த்தே தைக்க நேரும். கழுத்தும் முதுகும் நோகும். தூரப்பார்வைக் கண்ணாடியை அணிந்தாலோ, நாற்பது வயதுக்குமேல் கிட்டத்து நூல் மங்கும், தலை வலிக்கும்.

இதற்கு ஒரு பரிகாரம், பவர் குறைத்த வேலைக் கண்ணாடி. கணக்கு எளிது. கண்ணுக்கும் வேலைக்கும் உள்ள தூரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, நூறை அதனால் வகுத்தல் வேண்டும். தூரம் 40 ஆனால் விடை 2.5. கிட்டத்தில் பார்வையைக் குவிக்கும் சக்தி முற்றும் தளர்ந்த கண்ணுக்கு, 8-இல் 2.5 கழிந்து மைனஸ் 5.5 பொருந்தும். அச்சக்தி சிறிது எஞ்சியிருப்பின் குறைவாகவே கழித்தல் போதும். முடிவு செய்ய வேண்டியவர் கண் பரிசோதகரே. ஆயினும் ஒரு நூலால் அளந்த வேலைத் தூரத்தை அவரிடம் கொண்டுபோவது அங்கத்தினர் கடமை. வயதைக் கேட்டமட்டில் எழுதித் தரும் பவர் தறிக்கும் தையலுக்கும் ஒருங்கே ஒத்துவராது. உருளைப் பவர் இருப்பின் அது இதிலும் இடம்பெற வேண்டும். வில்லையின் நடு, கண்மணிக்கு நேரே அமையாவிடில் சோர்வு நீங்காது.

செலவைக் குறைக்கும் வழிகளும் உள. ஒரே பவருள்ள வில்லையே மலிவு. பல தூரத்துக்கும் ஒருசேரப் பயன்படும் வில்லை விலையுயர்ந்தது. பவர் குறைவதால் தடிப்பும் குறையும். எனவே சிறிய சட்டத்தில் சாதாரண பிளாஸ்டிக் வில்லை போதும். பழைய சட்டம் உறுதியாயிருந்தால் வில்லைக்கு மட்டுமே பணம் கொடுத்தால் முடிந்தது. பவரை எழுத்து மூலமாகப் பெற்று, இரண்டு கடைகளில் விலை விசாரித்தல் நலம்.

எச்சரிக்கைகள் மூன்று. வேலைக் கண்ணாடியுடன் சாலையில் நடத்தலும் வாகனம் ஓட்டலும் கூடாது. சிறுவருக்கு வைத்தியர் சொல்லாமல் பவரைக் குறைத்தல் கூடாது. கடுங்கிட்டப்பார்வை உடையோர்க்குக் கண்ணின் உட்திரை கிழிந்து விலகும் அபாயம் அதிகம். மின்னல் போன்ற ஒளி, திடீரெனப் பெருகும் கரும்புள்ளிகள், திரை மறைப்பது போன்ற நிழல், இவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே கண் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். அந்நோய்க்குக் கண்ணாடி மருந்தன்று. தாமதித்தால் பார்வையே போகும்.

ஒருவர் தனியே செய்ய இயலாததைப் பலர் கூடிச் செய்வதற்கன்றோ சங்கம்! உபவிதிகள் இடங்கொடுக்குமானால், பொதுநல நிதியிலிருந்து ஒரு சிறு தொகையைக் கண்ணாடிக்கென ஒதுக்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரியின் பரிசோதகரை ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வரவழைக்கலாம். பலருக்கும் வேண்டிய வில்லைகளை ஒருங்கே வாங்கினால் விலை பேசவும் இயலும். கடன் தவணை ஒழுங்காகத் திரும்ப வேண்டுமாயின், உழைக்கும் கை நிற்கலாகாது. கை நில்லாதிருக்க வேண்டுமாயின், கண் தெளிவாயிருத்தல் வேண்டும்.