இரண்டு தாளுக்கு நடுவே ஒரு குடும்பம்

(திருமுருகன்பூண்டியில் நடந்த மாணவர் – இளைஞர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த ஊருக்கு ஒரு தலபுராணம் இருக்கு. சேரமான் கொடுத்த பொன்னோடு சுந்தரர் இந்த வழியா வந்தாராம். சிவன் தன் பூதகணங்களை வேடர் வேஷத்தில் அனுப்பி அவ்வளவையும் பறிச்சுக்கிட்டாராம். பறிக்கச் சொன்னது கடவுள். பழி மட்டும் வேடனுக்கு. இன்றைக்குப் பறிக்கிறவர்கள் வில்லும் அம்பும் தூக்கிக்கொண்டு வருவதில்லை. பதிவுத் தபாலில் வருகிறார்கள். 'வீட்டைக் காலி செய்யவும்' என்று வக்கீல் நோட்டீஸ் வருகிறது. அது எந்த நேரம் பார்த்து வருகிறது என்பதைத்தான் இங்கே பேசப் போகிறேன்.

நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். என் துணைவி செக்கிங். பீஸ் ரேட்டு, வாரச் சம்பளம். ஒரு காம்பவுண்டில் வரிசையாக ஏழு கதவு, ரெண்டு பொதுக் கக்கூஸ், ஒரு தண்ணித்தொட்டி. அதில் ஒரு கதவு எங்களுடையது. ஆறு வருஷம் இருந்தோம். வாடகை பாக்கி ஒரு ரூபாய் கிடையாது. ஆனால் ஒப்பந்தம் என்று ஒரு தாளும் கிடையாது. கேட்டால், "எல்லாம் நம்பிக்கைதானுங்க தம்பி, தாள் எதுக்கு" என்பார்கள்.

சீட்டுப் போட்டு, நகையை வித்து, பக்கத்து ஊரில் ரெண்டு சென்ட்டில் ஒரு ஓட்டு வீட்டுக்கு விலை பேசினோம். கிரய ஒப்பந்தம் போட்டு ரெண்டு லட்சம் முன்பணம் கொடுத்தாச்சு. மீதிக்கு வீட்டுக் கடன். ஆறு மாதத்தில் பாக்கியைக் கட்டிக் கிரயம் முடிக்கணும், தவறினால் முன்பணம் திரும்பாது. கடன் கொடுக்கிறவர்கள் குடியிருக்கிற முகவரிக்கு ஆதாரம் கேட்டார்கள். அதுக்காக வீட்டுக்காரம்மாவிடம் போய் வாடகை ஒப்பந்தம் எழுதித் தரச் சொன்னோம்.

"வீடு வாங்கறீங்களா? சந்தோசமுங்க. எந்த ஊர்ல? எந்த வீதி?" என்று கேட்டார். வீதியின் பேரைச் சொன்னோம். மேஸ்திரி சொல்லிக் குடிவந்த வீடு என்பதால் ஆறு வருஷமாக யாரும் எங்களிடம் சாதி கேட்டதில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை. வீதியின் பேரே சொல்லிவிட்டது. மூன்று வாரத்தில் நோட்டீஸ் வந்தது. காரணம்: சொந்த உபயோகம். கெடு: 15 நாள்.

தோழர்களே, கணக்கைக் கொஞ்சம் பாருங்க. கையில் இருந்த காசு அத்தனையும் முன்பணத்தில் முடங்கிக் கிடக்கு. புது வீடு இன்னும் நம்முடையது இல்லை. பழைய வீடு எப்பவுமே நம்முடையது இல்லை. இப்போது வேறு வாடகை வீடு பிடிக்கணும் என்றால் மறுபடியும் அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன், வண்டி வாடகை. முகவரி மாறினால் கடன் மனுவை மறுபடி சரிபார்ப்பார்கள். அதுக்குள் கிரய ஒப்பந்தத்தின் கெடு ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் காம்பவுண்டிலேயே எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் இதில் மாட்டியது. நோட்டீஸ் வந்த மறுவாரமே மானத்துக்குப் பயந்து காலி செய்து சொந்த ஊருக்குப் போனார்கள். ஷிப்ட் போச்சு, சம்பளக் கணக்கு அறுந்தது, கடன் நின்றது, கெடு முடிந்து முன்பணமும் போனது. அவர்களை யாரும் அடிக்கவில்லை. ஒரே ஒரு தாள்தான் அனுப்பினார்கள்.

இந்த இடைவெளி எல்லா ஏழைக்கும் உண்டு. ஆனால் நமக்கு அது நீளம் அதிகம். நாங்கள் நோட்டீசுக்குப் பிறகு பதினோரு வீடு பார்த்தோம். "குலதெய்வம் எங்கீங்க?", "ஊர்ல எந்தப் பக்கமுங்க?", "கவுச்சி சமைப்பீங்களா?" – எல்லாம் ஒரே கேள்விதான். பதிலைக் கேட்டதும், "நேத்தே ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போயிட்டாருங்க" என்கிறார்கள். மற்றவர்கள் ஒரு வாரத்தில் கடக்கிற இடைவெளியைக் கடக்க நமக்கு மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தில்தான் நம் குடும்பங்களின் சேமிப்பு கரைகிறது. அதனால்தான் சொல்கிறேன், வாடகைப் பிரச்சினை வேறு, சொந்த வீட்டுப் பிரச்சினை வேறு என்று பிரித்துப் பேசாதீர்கள். வாடகை வீட்டில் உறுதியாக நிற்க முடியாதவன் சொந்த வீட்டுக்குப் போய்ச் சேர முடியாது.

இது நமக்குப் புதுசா என்ன? 1917-இல் கொலம்பியாவில் படித்துவிட்டு பரோடா சமஸ்தான வேலைக்கு வந்தார் அண்ணல். தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பேரில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து வெளியே போகச் சொன்னார்கள். நண்பர்களும் கை விரித்தார்கள். பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார்.

1951-இல் அமைச்சர் பதவியை உதறிவிட்டு அரசு பங்களாவைக் காலி செய்த பிறகு, டெல்லியில் அலிப்பூர் சாலை 26-ஆம் எண் வீட்டில் வாடகைக்கு இருந்தார். சிரோஹி மகாராஜாவுக்குச் சொந்தமான வீடு. 1956 டிசம்பர் 6-இல் அங்கேதான் மறைந்தார். அதன்பின் வீடு கைமாறியது. 1967 ஜனவரியில், சவிதா அம்மையார் ஊரில் இல்லாத நேரத்தில், நீதிமன்ற அமீனாக்களோடு வந்து அண்ணலின் காகிதங்களை முற்றத்தில் வீசினார்கள். அன்றிரவு பெய்த மழையில் எத்தனையோ தாள்கள் அழிந்தன. அரசியல் சட்டம் எழுதிய மனிதரின் வீட்டுக்கே இந்த நிலை. 2018-இல் அதே இடத்தில் நினைவகம் திறந்தார்கள். நினைவகம் நல்லதுதான். அழிந்த காகிதம் திரும்புமா?

நம் ஊர்ப்புறத்தில் இது பண்ணையில் தொடங்குகிறது. குடிசை பண்ணையார் மண்ணில் இருக்கும். கூலி கூடக் கேட்டால் குடிசை போகும். போராட்டங்களுக்குப் பிறகு 1971-இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஜூன் 19-இல் அப்படிக் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்தக் குடியிருப்பு மனை சொந்தம் என்றது. பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு அப்படி ஒரு சட்டம் இன்றுவரை இல்லை.

இருக்கிற சட்டத்தையாவது தெரிந்துகொள்வோம். 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய்விட்டது. 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. இது நகர்ப்புறத்துக்கான சட்டம். திருமுருகன்பூண்டி 2021-இல் நகராட்சி ஆகிவிட்டதால் இங்கேயும் பொருந்தும். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும், வாடகை அதிகாரியிடம் பதிவாகணும் என்கிறது. குடியிருப்பவரின் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது என்கிறது. ஆனால் எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணம் காட்டி வெளியேற்றக் கோரலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. எழுதித் தர மறுப்பதும் வீட்டுக்காரர், எழுதவில்லை என்று வழக்குப் போடக்கூடியவரும் வீட்டுக்காரர். இந்த ஓட்டையை அடைக்கச் சொல்லி நாம் குரல் கொடுக்க வேண்டும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டது. தலித் ஒருவரை அவர் குடியிருக்கும் வீட்டையோ ஊரையோ விட்டுப் போகும்படி கட்டாயப்படுத்துவது அதில் குற்றம். நோட்டீஸ் வந்தபின் எங்கள் தொட்டிக்கு மோட்டார் போடுவதை நிறுத்தினார்கள். நாங்கள் காலி செய்யவில்லை. தோழர்கள் சொல்லிய வக்கீல் மூலமாகப் பதில் அனுப்பினோம்: நோட்டீஸ் என்பது உத்தரவு இல்லை, நீதிமன்றத்துக்கு வாருங்கள், தண்ணீரை நிறுத்தியது எந்தச் சட்டங்களில் வரும் என்று இத்தோடு தெரிவிக்கிறோம். மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது. மற்ற ஆறு கதவில் நான்கு கதவுக்காரர்கள், வாடகை ஒழுங்காகக் கட்டிய குடும்பம் என்று கையெழுத்துப் போட்டார்கள். அதில் தலித் அல்லாதவர்களும் உண்டு, ஒடிசாத் தோழர் ஒருவரும் உண்டு. நாலு மாதம் தள்ளினோம். கடன் வந்தது. கெடு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது கிரயம் முடிந்தது.

தனி ஆளாக இருந்தால் முதல் வாரமே மூட்டை கட்டியிருப்போம். அதனால் சில வேலைகளை அமைப்பு கையில் எடுக்க வேண்டும்.

வாடகையை வங்கிக் கணக்கு வழியாகக் கொடுக்கச் சொல்லுங்கள்; அதுவே சாட்சி. முன்பணம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும் பட்டாவும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கீகாரம் இல்லாத மனையா என்று கேளுங்கள். 2016-க்குப் பிறகு அப்படிப் பிரித்த மனைகளைப் பதிய மாட்டார்கள். கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கட்டாயம். வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டு லட்சங்களைக் கொடுக்காதீர்கள். கடன் தாமதமானால் கெடு நீளும், கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்பும் என்று இரண்டு வரி எழுதி வாங்குங்கள். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. பத்து லட்சத்துக்கு 90,000 ரூபாய். அதையும் கணக்கில் வையுங்கள். 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைவு. எங்கள் வீடு என் துணைவி பேரில்தான் இருக்கிறது.

மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவில் எத்தனை குடும்பம் ஒப்பந்தம் இல்லாமல் குடியிருக்கிறது, எத்தனை குடும்பம் முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நோட்டீஸ் வந்த வீட்டுக்கு அன்று மாலையே இரண்டு பேர் போங்கள். இடைவெளியில் மாட்டிய குடும்பம் மூன்று மாதம் தங்க, நம் வீடுகளில் ஒரு அறையாவது ஒதுக்குவோம். எங்கள் ஓட்டு வீட்டின் முன்னறையை முதல் ஆளாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஜெய்பீம்.